சி கோடில் வேண்டாத இன்க்ளூட்களை எடுப்பது எப்படி: பில்ட் ஆனால் மட்டும் போதாது

கோயமுத்தூர்ப் பக்கம் பம்ப் கன்ட்ரோலர், ஸ்பின்னிங் மெஷின் என்று ஃபர்ம்வேர் (மெஷினுக்குள்ளேயே ஓடும் சாஃப்ட்வேர்) எழுதுகிற எந்த இடத்துக்குப் போனாலும் வருஷக்கணக்கில் வளர்ந்த சி கோட் ஒன்று இருக்கும், அதில் காமன்.ஹெச் என்று ஒரு ஹெடர் ஃபைலும் (மற்ற ஃபைல்கள் #இன்க்ளூட் என்ற வரியால் உள்ளே இழுத்துக்கொள்வது) இருக்கும். யாருக்கு எது தேவைப்பட்டாலும் அதற்குள் போட்டுவிட்டுப் போயிருப்பார்கள். அதில் ஒரு டிஃபைனைத் தொட்டால் மொத்த ப்ராஜெக்டும் திரும்ப கம்பைல் ஆகும்; பேக்கரிக்குப் போய் டீயும் பஜ்ஜியும் முடித்துவிட்டு வந்தாலும் ஓடிக்கொண்டே இருக்கும். இதற்குப் பலர் செய்கிற வைத்தியம், ஒரு இன்க்ளூடை கமென்ட் போட்டுப் பார்ப்பது, பில்ட் ஆனால் எடுத்துவிடுவது. தயவுசெய்து அதை மட்டும் நம்பாதீர்கள், காரணம் பின்னால் வருகிறது.

முதலில் அளந்து பாருங்கள். ஜிசிசி கம்பைலருக்கு -ஹெச் (பெரிய எழுத்து) கொடுத்தால் எந்த ஹெடர் எதற்குள்ளிருந்து வருகிறது என்று புள்ளி வைத்துப் படிப்படியாகக் காட்டும். -எம்எம் கொடுத்தால் ஒவ்வொரு சி ஃபைலும் நம்முடைய எந்தெந்த ஹெடர்களை நம்பியிருக்கிறது என்று மேக்ஃபைல் வடிவில் வரும். அதை வைத்து எந்த ஹெடர் அதிக இடத்தில் நுழைகிறது என்று எண்ணுங்கள், அப்புறம் கிட் லாகில் (கோடில் நடந்த மாற்றங்களின் வரலாறு) அது எத்தனை தடவை மாறியிருக்கிறது என்று பாருங்கள். இரண்டிலும் மேலே நிற்பதுதான் முதல் வேலை. ஸ்டாண்டர்ட் லைப்ரரி ஹெடர் எல்லா இடத்திலும் இருந்தாலும் அது மாறப்போவதில்லை, அதன் பின்னால் ஓட வேண்டாம்.

எதையும் எடுப்பதற்கு முன்னால் ஒவ்வொரு ஹெடரும் தனியாக கம்பைல் ஆக வேண்டும். -எஃப்சின்டாக்ஸ்-ஒன்லி (பிழை மட்டும் பார்க்கச் சொல்லும் ஃப்ளாக்) போட்டு எல்லா ஹெடரையும் ஒரு ஷெல் லூப்பில் ஓட்டினால், தனக்கு முன்னால் வேறு எதுவோ இன்க்ளூட் ஆகியிருக்கும் என்று நம்பி நிற்கிற ஹெடர்கள் வரிசையாக விழும். இது பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றை நம்பி வெள்ளாமை வைக்கிற கதை. அவர் மோட்டாரை நிறுத்தினால் நம் பயிர் காயும். விழுந்ததற்கெல்லாம் தேவையான இன்க்ளூடைச் சேருங்கள். அப்படியே மோட்டார்.சி என்றால் அதில் முதல் இன்க்ளூட் மோட்டார்.ஹெச் ஆக இருக்கட்டும், இனி யாராவது கெடுத்தால் உடனே தெரிந்துவிடும். சிஸ்டம் ஹெடருக்கு முன்னால் வந்தே ஆக வேண்டிய ஃபீச்சர் மேக்ரோ (அந்த ஹெடர் எதையெல்லாம் காட்ட வேண்டும் என்று சொல்லும் டிஃபைன்) ஏதாவது இருந்தால் அதை கம்பைலர் ஃப்ளாகுக்கு நகர்த்திவிடுங்கள்.

அப்புறம் ஹெடருக்குள் இருக்கும் இன்க்ளூட்கள். ஒரு ஸ்ட்ரக்டுக்கு பாயின்டர் மட்டும்தான் தேவை என்றால் "ஸ்ட்ரக்ட் மோட்டார்;" என்று ஒரு வரி அறிவிப்பு போதும், மோட்டார்.ஹெச் வேண்டாம். அந்த ஸ்ட்ரக்டை மெம்பராகவே வைத்திருந்தால், சைஸ்ஆஃப் போட்டால், அல்லது உள்ளே இருக்கும் ஃபீல்டைத் தொட்டால் முழு டெஃபினிஷன் வேண்டும். ஈனமுக்கு (enum, பெயர் வைத்த எண்களின் பட்டியல்) சி23-க்கு முந்தைய ஸ்டாண்டர்ட் சி-யில் இப்படி முன்னறிவிப்பு கிடையாது. டைப்டெஃபை இரண்டு இடத்தில் எழுதுவது சி11-இல்தான் செல்லும், மைக்ரோகன்ட்ரோலருக்கு வரும் பழைய கம்பைலர்கள் சில கத்தும், அதனால் ஸ்ட்ரக்ட் என்றே எழுதிவிடுவது நிம்மதி. ஹெடரில் உட்கார்ந்திருக்கும் இன்லைன் ஃபங்ஷன்கள்தான் பெரும்பாலும் முழு டெஃபினிஷனை இழுத்து வருகின்றன. வேகம் முக்கியமில்லாததை சி ஃபைலுக்குத் தள்ளுங்கள். லினக்ஸ் கர்னலுக்கு 2022 ஜனவரியில் கர்னல் டெவலப்பர் இங்கோ மோல்னார் 2,200-க்கும் மேற்பட்ட பேட்ச்களாக இந்த வேலையைச் செய்து வெளியிட்டபோது இதுவும் அவர் கையாண்ட வழிகளில் ஒன்று.

சரி, ஆபத்துக்கு வருவோம். மோட்டார்.சி-யில் "#இஃப் த்ரீ_ஃபேஸ்" என்று இருக்கிறது, உள்ளே சிங்கிள் ஃபேஸிங் பாதுகாப்பு கோட், அதாவது மூன்று ஃபேஸில் ஒன்று போனால் மோட்டாரைக் காப்பாற்றுவது. அந்த மேக்ரோ இருப்பது போர்டு.ஹெச்-இல், அது வருவது காமன்.ஹெச் வழியாக. காமன்.ஹெச்சை எடுக்கிறீர்கள். #இஃப்-இல் தெரியாத பெயர் வந்தால் சி அதைப் பூஜ்ஜியமாக எடுத்துக்கொள்ளும், எரர் கிடையாது, சாதாரணமாக வார்னிங்கும் கிடையாது. பில்ட் ஜம்மென்று முடியும். தோட்டத்தில் ஒரு ஃபேஸ் போகிற அன்றைக்குத்தான் காயில் எரிந்து விஷயம் வெளியே வரும்.

அதனால் -டபிள்யூஅன்டெஃப்பை (தெரியாத பெயர் வந்தால் எச்சரிக்கும் ஃப்ளாக்) எரராகவே போட்டு வையுங்கள். அது #இஃப்-ஐ மட்டும்தான் பிடிக்கும், #இஃப்டெஃப்-ஐப் பிடிக்காது, ஆகவே கான்ஃபிக் மேக்ரோக்களை 0, 1 என்று மதிப்பு கொடுத்து #இஃப்-க்கு மாற்றுங்கள். அறிவிக்காத ஃபங்ஷனைக் கூப்பிடுவதும் எரராக இருக்கட்டும். 2024-இல் வந்த ஜிசிசி 14-இலிருந்துதான் அது தானாகவே எரர், பழையது அதை இன்ட் திருப்பும் ஃபங்ஷன் என்று நினைத்து 64 பிட்டில் பாயின்டரைப் பாதியாக வெட்டிவிடும்.

இத்தனைக்கும் மேல் ஒரு சோதனை உண்டு, என்னைக் கேட்டால் இதைச் செய்யாமல் கமிட் போடவே கூடாது. எடுப்பதற்கு முன், எடுத்த பின் என்று ஆப்ஜெக்ட் ஃபைலை (கம்பைல் ஆகி வரும் மெஷின் கோட்) ஆப்ஜ்டம்ப் என்ற டூலில் விரித்து, கோட் செக்‌ஷனையும் டேட்டா செக்‌ஷன்களையும் டிஃப் பாருங்கள், டீபக் தகவல் இல்லாமல். இன்க்ளூட் எடுப்பதால் மெஷின் கோட் ஒரு பைட்கூட மாறக்கூடாது. அசெர்ட் இருந்தால் லைன் நம்பர் நகர்ந்து சும்மா வித்தியாசம் காட்டும்; எடுத்த இடத்தில் தற்காலிகமாக ஒரு காலி வரி விட்டால் அது அடங்கும். எல்லா போர்டு வேரியன்டுக்கும் இதைச் செய்யுங்கள். இன்லைனை நகர்த்தினால் கோட் கண்டிப்பாக மாறும், அதைத் தனி கமிட்டாக வையுங்கள்.

டூல் இல்லையா என்றால், இன்க்ளூட்-வாட்-யூ-யூஸ் இருக்கிறது, கிளாங்டி-யும் பயன்படாத இன்க்ளூடை எடிட்டரிலேயே காட்டும். மேக்ஃபைல் ப்ராஜெக்ட் என்றால் பேர் (Bear) என்ற டூலை வைத்து கம்பைல் கமாண்ட் பட்டியல் எடுத்துக் கொடுக்க வேண்டும். எங்கள் டீமில் புதிதாக வந்த பையன், "ஏனுங்ண்ணா, டூலே சொல்லுதுங், எடுத்துரட்டுங்களா?" என்றான். "த்ரீ ஃபேஸ் போர்டு ஒண்ணு இருக்குதுன்னு அதுக்குத் தெரியுமா தம்பி?" என்று கேட்டேன். டூல் பார்ப்பது நீங்கள் கொடுத்த ஒரு கான்ஃபிக்கை மட்டும்தான். வேறு வேரியன்டுக்குத் தேவையானதை கீப் ப்ராக்மா (இந்த இன்க்ளூடை எடுக்காதே என்று டூலுக்குச் சொல்லும் கமென்ட்) போட்டுக் காப்பாற்றுங்கள்.

காமன்.ஹெச்சை ஒரே நாளில் அழிக்க வேண்டாம். உள்ளே இருப்பதைச் சின்னச் சின்ன ஹெடர்களாகப் பிரித்து, அதில் வெறும் இன்க்ளூட் வரிகளை மட்டும் மிச்சம் வையுங்கள், பழைய கோட் அப்படியே ஓடும். அப்புறம் ஒவ்வொரு சி ஃபைலாக நேரடி ஹெடருக்கு மாற்றிக்கொண்டே வாருங்கள். கிரெப்பில் அதன் பெயரைத் தேடி ஒன்றும் வராத அன்றைக்கு அதைத் தூக்கிவிடலாம். சிப் கம்பெனி கொடுத்த எஸ்டிகே ஹெடர்களை மட்டும் தொடாதீர்கள், அடுத்த வெர்ஷன் வரும்போது மெர்ஜ் பண்ணப்போவது நீங்கள்தான்.