தாழ்வாரத் தோட்டம்: புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் யாராவது புதிதாகச் செடி வைக்க ஆரம்பித்தால் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அவர்களும் அதே தவறுகளைச் செய்வதைப் பார்த்தால் மனம் கேட்பதில்லை. தண்ணீர் ஊற்ற மறப்பதைப் பற்றிச் சொல்லப் போவதில்லை. செடி வாடினால் அது தானாகவே புரிந்துவிடும்.

திசை பார்க்காமல் மல்லிகை வாங்குவது

எனக்கு இன்றும் எரிச்சல் தருவது இதுதான். சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்குச் சற்று வடக்கே, 1.3 டிகிரியில் இருக்கிறது. மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் மூன்றாம் வாரம் வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே சாய்ந்திருக்கும். மற்ற மாதங்களில் தெற்கே. வடக்குப் பார்த்த வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடித் தாழ்வாரத்தில் ஜூன் மாதம் வெயில் உள்ளே வரும். அக்டோபரில் நேர் வெயிலே இருக்காது.

யீஷூன் வட்டாரத்தில் ஓர் அக்கா ஜூனில் குண்டுமல்லி வாங்கி வாசலில் வைத்தார். நன்றாகப் பூத்தது. தீபாவளி நெருங்கியபோது ஒரு மொட்டுகூட இல்லை. "உரம் பத்தலை போல தம்பி" என்று உரத்தைக் கூட்டினார். கொடி நீண்டு இலைதான் பெருகியது. மறுபடியும் போட்டார். வெயில் குறைந்த செடி அவ்வளவு உரத்தை எடுத்துக்கொள்ளாது. மிச்ச உப்பு மண்ணில் தங்கி வேரைக் கருக்கிவிடும். இலை நுனி காய்ந்து செடி போய்விட்டது. அடுத்த ஜூனில் இன்னொரு செடி வாங்கினார், அதுவும் அப்படியே போனது. கடையில் விற்றவராவது வீடு எந்தப் பக்கம் பார்த்தது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

வாங்கும் முன் கைபேசியில் திசைகாட்டியைத் திறந்து பாருங்கள். கிழக்கு பார்த்த தாழ்வாரத்துக்கு ஆண்டு முழுவதும் காலை வெயில் உண்டு, மேற்குக்கு மாலை வெயில். எதிர் புளோக் மறைக்கிறதா என்பதையும் கவனியுங்கள். மல்லிகைக்கு ஆறு மணி நேர நேர் வெயில் நல்லது. நாலுக்குக் கீழே போனால் பூவை எதிர்பார்க்க வேண்டாம். வடக்கு, தெற்கு வாசல் என்றால் பாண்டானும் கற்பூரவல்லியும் வையுங்கள், அரை நிழலைத் தாங்கும். மல்லிகைதான் வேண்டும் என்றால், வெயில் விலகும் மாதங்களில் சமூகத் தோட்டத்தில் இடம் கேட்டுத் தொட்டியை அங்கே வையுங்கள். மொட்டு விடுவதை நிறுத்திய செடிக்கு உரம் போடாதீர்கள்.

கறிவேப்பிலையில் கீழ் இலையாகப் பறிப்பது

நுனியைத் தொடாமல் கீழே மட்டும் பறித்தால் செடி ஒட்டடைக்குச்சி போல உயர்ந்துகொண்டே போகும். சமையலுக்கு நுனிக் கொத்தை வெட்டுங்கள். வெட்டிய இடத்துக்குக் கீழே கிளைகள் வரும்.

துளசிக் கதிரை விட்டுவைப்பது

விதை பிடிப்பதற்குள் கிள்ளிவிடுங்கள். இல்லாவிட்டால் இலை சிறுத்துவிடும்.

தொட்டியின் அடித்தட்டில் தண்ணீர்

கூடவே கூடாது. டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து வளர்ந்து பறக்க ஒரு வாரம் போதும். இறுகிய மேல்மண்ணிலும் நீர் தேங்கும், கிளறிவிடுங்கள்.

வழியை அடைப்பது

தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழி விட வேண்டும். தொட்டி வாங்கும் முன் அளந்து பாருங்கள்.