நாலு பேர் நடத்தும் கல்யாண ஏற்பாடு: யார் எதைப் பார்ப்பது?

நாலைந்து பேர் சேர்ந்து நடத்தும் கல்யாண ஏற்பாட்டுத் தொழிலில் வேலை கெடுவது பெரும்பாலும் ஆள் குறைவால் அல்ல. ஒரே விஷயத்துக்கு இரண்டு பேர் பதில் சொல்வதால்தான். மேடையைக் கொஞ்சம் வலப்பக்கம் தள்ளச் சொல்லி மணப்பெண்ணின் அக்கா ஒருவரிடம் கேட்பார். அவர் அலங்காரக்காரரிடம் சொல்லிவிடுவார், ஒலி அமைப்பவருக்குச் செய்தி போகாது. மேடை நகர்ந்திருக்கும், மைக் ஒயர் எட்டாது.

அதனால் பொறுப்பை முதலில் பிரியுங்கள். ஒருவர் வீட்டாரோடு பேசுவார். இன்னொருவர் சமையல், அலங்காரம், ஒலி ஒளி, வண்டி, போட்டோ என்று வெளியாட்களோடு மட்டும் பேசுவார். மூன்றாமவர் கையில் கணக்கும் ஒப்பந்தமும். நாலாமவர் கல்யாணத்தன்று மண்டபத்தில் நின்று வேலை வாங்குபவர். கடைசி ஒரு மாதமாவது எல்லாப் பேச்சிலும் அவர் உடன் இருக்க வேண்டும். குழுவில் இரண்டே பேர்தான் என்றால் அன்றைக்கு மட்டும் கூலிக்கு ஆள் எடுங்கள். ஆனால் வீட்டாரோடு பேசுபவரும் வெளியாட்களோடு பேசுபவரும் ஒரே ஆளாக இருக்கவே கூடாது. வீட்டார் அவரைப் பிடித்து நிறுத்திக்கொண்டால், நாற்காலி ஏற்றி வந்த லாரி எங்கே இறக்குவதென்று தெரியாமல் வாசலில் நிற்கும்.

வீட்டார் பக்கமும் முடிவு சொல்ல ஒரே ஆள் போதும். அது யார், அவர் கிடைக்காவிட்டால் அடுத்து யார் என்பதை முதல் சந்திப்பிலேயே எழுதி வாங்குங்கள். மணமக்களின் பெயரைப் போடாதீர்கள். அன்றைக்கு அவர்களுடைய போன் வேறு யார் கையிலாவது இருக்கும்.

நேர அட்டவணையைப் பின்னிருந்து முன்னாகப் போடுவதுதான் சரியான முறை. சடங்கு 10 மணிக்கு என்று வைத்துக்கொள்வோம். அதற்கு முன் படம் எடுக்க 40 நிமிடம், கைவசம் 20 நிமிடம். ஆக மணப்பெண் 9 மணிக்குத் தயாராக வேண்டும். ஒப்பனைக்கும் தலைமுடிக்கும் 2 மணி நேரம் என்றால் 7 மணிக்கு உட்கார வேண்டும். கூடவே உறவுக்காரப் பெண்கள் ஐந்து பேர், ஆளுக்கு 40 நிமிடம். ஒரே ஒப்பனைக்காரர் எல்லோருக்கும் செய்தால் விடிகாலை 3.40-க்கே தொடங்கியாக வேண்டும். இரண்டு உதவியாளர்கள் இருந்தால் ஐந்து பேரும் மூன்று சுற்றில், அதே 7 மணியிலிருந்து 9 மணிக்குள் முடிந்துவிடுவார்கள். பேச்சில் இது யாருக்கும் உறைக்காது. தாளில் கூட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

அதே அறையில் இன்னொரு சிக்கலும் உண்டு. மூன்று ஹேர் டிரையர், ஒவ்வொன்றும் 1,800 வாட் என்றால் மொத்தம் 5,400 வாட். 230 வோல்ட்டில் 16 ஆம்பியர் லைன் தாங்குவது 3,680 வாட்தான். மூன்றையும் ஒன்றாக ஓட்டினால் டிரிப் ஆகும், அறையே இருண்டுவிடும். ஆகவே மண்டபம் பார்க்கப் போகும்போதே எந்த பிளக் எந்த லைனில் இருக்கிறது என்று மண்டபத்து எலக்ட்ரீஷியனிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

குரூப் போட்டோவும் நேரத்தை விழுங்கும். ஆட்களைக் கூப்பிட்டு நிறுத்துவதையும் சேர்த்து ஒரு குழுவுக்கு 3 நிமிடம் வையுங்கள். 20 குழு என்றால் முழுதாக ஒரு மணி நேரம். பெரிய குழுவில் தொடங்கி ஆட்களைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். வயதானவர்களும் கைக்குழந்தைகளும் முதலிலேயே எழுந்து போய்விடலாம். முகம் தெரிந்த ஒருவரை இரு வீட்டிலிருந்தும் கேட்டு வாங்கி, பெயர் கூப்பிடும் வேலையை அவர்களிடம் விடுங்கள். போட்டோக்காரருக்கு யார் சித்தப்பா, யார் பக்கத்து வீட்டுக்காரர் என்று எப்படித் தெரியும்?

அட்டவணையில் ஐந்து கட்டம் போதும்: நேரம், வேலை, இடம், பொறுப்பாளர், போன் நம்பர். காகிதத்தில் அச்சிட்டே கொடுங்கள், போன் சார்ஜ் தீர்ந்தாலும் அது கையில் இருக்கும். மேல் மூலையில் திருத்திய தேதி கட்டாயம். பழைய தாளைக் கையில் வைத்திருப்பவர் பழைய நேரத்துக்குத்தான் வருவார். 3 நாளுக்கு முன் அட்டவணையை மூடிவிடுங்கள். அதற்குப் பிறகு ஏதாவது மாறினால் குரூப்பில் மெசேஜ் போட்டுவிட்டு இருந்துவிடாதீர்கள். நேரடியாகப் போன் செய்து, கேட்டவரையே திருப்பிச் சொல்ல வையுங்கள்.

2 நாள் முன்பு வெளியாட்கள் எல்லோரையும் போனில் கூப்பிடும்போது “எல்லாம் ரெடிதானே?” என்று கேட்பதில் பயன் இல்லை. “ரெடி” என்றுதான் பதில் வரும். வண்டி எத்தனை மணிக்குக் கிளம்புகிறது, எந்த கேட் வழியாக வரும், எத்தனை ஆள், ஓட்டி வருபவர் நம்பர் என்ன என்று கேளுங்கள். எங்கே தடுமாறுகிறாரோ அங்கேதான் வேலை பாக்கி இருக்கிறது.

ஜெனரேட்டருக்குச் சின்னக் கணக்குதான். ஜெனரேட்டரின் திறனைக் கேவிஏ என்ற அளவில் சொல்வார்கள். மொத்தச் சுமை 12 கிலோவாட் என்றால், அதைப் பவர் ஃபேக்டர் எனப்படும் 0.8-ஆல் வகுத்தால் 15 கேவிஏ. முழுச் சுமையில் ஓட்டக் கூடாது என்பதால் 20 கேவிஏ கேளுங்கள். ஏசியும் பெரிய மோட்டாரும் ஓடத் தொடங்கும் நொடியில் பல மடங்கு கரண்ட் இழுக்கும், அவற்றை ஒவ்வொன்றாகப் போடச் சொல்லுங்கள். ஒலிக்குத் தனி லைன் வேண்டும். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் லைட் டிம்மரோடு சேர்த்தால் ஸ்பீக்கரில் இரைச்சல் வரும்.

ஒப்பந்தத்தில் நேரம் நீண்டால் மணிக்கு எவ்வளவு, தேதி மாறினால் முன்பணம் என்னவாகும் என்ற இரண்டையும் எழுதாமல் கையெழுத்து வாங்காதீர்கள்.

கடைசியாகக் குழுவின் வயிறு. போட்டோக்காரர், டிரைவர், ஒலி ஆட்கள், உங்கள் ஆட்கள் என்று 30 பேர் சாப்பாட்டு எண்ணிக்கையில் விடுபட்டுப் போனால், கடைசியாகச் சாப்பிட உட்காரும் விருந்தினருக்கு உணவு பற்றாது. இவர்களைத் தனியாக எண்ணுங்கள், விருந்தினருக்கு முன்பே சாப்பிட வையுங்கள். காலை 5 மணிக்கு வந்தவரை ராத்திரி சாமான் ஏற்றவும் நிறுத்தாதீர்கள். களைத்தவர் கையில்தான் வாடகைச் சாமான் எண்ணிக்கை தவறும். தலைமை ஏற்பவருக்கு உடம்பு சரியில்லாமல் போனால் நடத்த, மண்டபத்தை நேரில் பார்த்த இன்னொருவர் எப்போதும் தயாராக இருக்க வேண்டும்.

கல்யாணம் முடிந்த 2 நாளுக்குள் எல்லோரும் உட்கார்ந்து, போட்ட நேரத்துக்குப் பக்கத்தில் நடந்த நேரத்தை எழுதுங்கள். அடுத்த கல்யாணத்தின் அட்டவணையை அந்த நடந்த நேரத்தைப் பார்த்துப் போடுங்கள்.