சீகைப் பட்டையில் ஆட்டுத்தோல் பதனிடும் முறை

கோத்தகிரிப் பக்கம் கிடா வெட்டினால் கறியைப் பங்கு போட்டுவிட்டுத் தோலைக் குழியில் போட்டு மூடிவிடுகிறார்கள். எனக்கு அதைப் பார்த்தாலே மனசு ஆறாது. பதனிடத் தேவையான பட்டை நம்மைச் சுற்றியே நிற்கிறது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சீகை மரத்தை, அதாவது கறுப்பு வாட்டிலை, இந்த மலையில் பெருமளவு நட்டதற்குத் தோல் பதனிடும் பட்டையும் ஒரு காரணம். கீழே சமவெளியில் இதே வேலைக்கு ஆவாரம்பட்டை. காட்டில் போய்ப் பட்டை உரிக்காதீர்கள், அனுமதியோடு விறகுக்கு வெட்டுகிற இடத்தில் கேட்டால் சும்மாவே தருவார்கள்.

நோயில் செத்த ஆட்டின் தோல் வேண்டவே வேண்டாம். உரித்த சூட்டோடு கறிப்பக்கம் முழுக்கப் பொடித்த கல் உப்பைத் தேயுங்கள். தோல் 2 கிலோ இருந்தால் உப்பு 1 கிலோ, இதில் கஞ்சத்தனம் பார்த்தால் இரண்டே நாளில் முடி கொத்தாகக் கழன்று நாற ஆரம்பிக்கும். பிறகு ஒரு நாள் நல்ல தண்ணீரில் ஊறவைத்து உப்பைப் போக்கிவிட்டு, பிளாஸ்டிக் டிரம்மில் 10 லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் நீற்றிய சுண்ணாம்பு கரைத்துத் தோலை முக்குங்கள். தினமும் இரண்டு தடவை கிளறணும், கையுறை கட்டாயம், கண்ணில் தெறிக்கவே கூடாது. நம்ம குளிருக்கு ஒரு வாரம் ஆகும். முடி இழுத்த இழுப்புக்கு வந்தால் சரி, உருண்டையான கட்டைமேல் விரித்து மழுங்கின கத்தியால் முடியையும் மறுபக்கத்துச் சவ்வையும் வழித்துவிடலாம். (மேளத்துக்கு என்றால் இத்தோடு நிறுத்தி இழுத்துக் கட்டிக் காயவையுங்கள். பதனிட்ட தோலில் நாதம் வராது.)

இப்போது உள்ளே ஏறின சுண்ணாம்பு வெளியே வரணும். நன்றாக அலசிவிட்டு, முந்தின நாளே புளிக்கவைத்த கோதுமைத் தவிட்டுத் தண்ணீரில் ஒரு நாள் போடுங்கள். போதுமா என்று பார்க்க, ஓரத்தில் ஒரு துண்டு வெட்டி அந்த வெட்டில் மஞ்சள் தூள் தடவுங்கள். ஆரத்தித் தண்ணீர் மாதிரி சிவந்தால் இன்னும் சுண்ணாம்பு இருக்கிறது. கட்டைவிரலால் அழுத்தினால் பதிவு அப்படியே நிற்கணும்.

பட்டை விஷயத்தில்தான் பொறுமை வேண்டும். காய்ந்த சீகைப் பட்டை 3 கிலோவைத் துண்டு துண்டாக்கி எவர்சில்வர் அண்டாவில் கொதிக்கவைத்து வடிகட்டி ஆறவிடுங்கள். இரும்புப் பாத்திரமோ ஆணியோ பக்கத்திலேயே வரக்கூடாது. கடுக்காயும் அன்னபேதி என்கிற இரும்பு உப்பும் சேர்த்து மை காய்ச்சினார்களே, அதே கறுப்பு தோலில் ஏறிவிடும், போகவே போகாது. முதல் நாள் இந்தச் சாறில் கொஞ்சத்தை நிறையத் தண்ணீரில் கலந்து வெளிறின டீ நிறத்துக்குத்தான் போடணும். அப்புறம் இரண்டு மூன்று நாளைக்கு ஒருதரம் கொஞ்சம் கெட்டியாக்கிக்கொண்டே போங்கள். நான் முதல் தோலை அவசரத்தில் நேராகக் கெட்டிச் சாறிலேயே போட்டேன். நாலு நாளில் அழகான செம்பழுப்பு வந்துவிட்டது என்று எடுத்துக் காயவைத்து வார் அறுத்தால், வெட்டின இடத்தில் இரண்டு பழுப்புக் கோட்டுக்கு நடுவே வெள்ளையாக ஒரு கோடு, நகத்தால் கீறினால் கொம்பு மாதிரி கடினம். வெளித்தோல் சட்டென்று இறுகிப்போய்ச் சாறை உள்ளே விடவில்லை. அந்த வார் மடித்த இடத்திலேயே வெடித்தது. அதனால் நாள் கணக்கை நம்பாதீர்கள், கழுத்துப் பக்கம் தடிமனான இடத்தில் வெட்டிப் பாருங்கள். விளிம்பு முழுக்க ஒரே நிறமாக வரும்வரை எடுக்க வேண்டாம், ஆட்டுத்தோலுக்கு இரண்டு மூன்று வாரம் பிடிக்கும்.

குரோமியம் உப்பில் ஒரே நாளில் முடியுமே என்று கேட்பார்கள். பாலாற்றங்கரையில் தோல் ஆலைக் கழிவு என்ன பாடுபடுத்தியது, உச்ச நீதிமன்றம் வரை போய் 1996இல் தீர்ப்பு வந்தது எல்லாருக்கும் தெரியும். வீட்டில் அது வேண்டாம். சுண்ணாம்புத் தண்ணீரைக்கூட ஓடையில் விடாதீர்கள், குழி வெட்டித் தெளியவிடுங்கள்.

எடுத்த தோலை அலசி, ஈரம் இருக்கும்போதே புங்க எண்ணெய் தடவி நிழலில் காயவையுங்கள். தண்ணீர் வெளியேற வெளியேற எண்ணெய் உள்ளே போகும். அரைகுறை ஈரத்தில் மரப்பலகை விளிம்பில் முன்னும் பின்னும் இழுத்து இழுத்துத் தேய்த்தால்தான் துணி மாதிரி வளையும், தோள் வலிக்கிற வேலை. அக்டோபர், நவம்பர் மழையில் ஆரம்பித்தால் பூஞ்சை பிடித்துவிடும். நான் பிப்ரவரியில்தான் தொடங்குவேன்.

ஒரு தோலில் மாட்டுக்கு மணி கட்டும் வார் இரண்டு, ஒரு சின்னப் பை, தேயிலைக் கவாத்துக் கத்திக்கு ஒரு உறை வரும். உறையில் போடுமுன் கத்திக்கு எண்ணெய் பூசுங்கள், இல்லாவிட்டால் பட்டைச் சாறு இரும்பைத் தின்றுவிடும், உறையும் கறுக்கும்.