கெஸ்ட் கணக்கில் கேம் ஆடுகிறீர்களா?

புது கேமை இறக்கியதும் 'கெஸ்ட்' என்றொரு பொத்தான் வரும். ஆடும் அவசரத்தில் பலரும் அதைத்தான் தொடுகிறார்கள். பல கேம்களில் கெஸ்ட் கணக்கு அந்த ஒரு போனோடு மட்டும்தான் ஒட்டியிருக்கும். போன் தொலைந்தாலோ ரீசெட் ஆனாலோ, மாதக்கணக்கில் ஏறிய லெவலும் காசு கொடுத்து வாங்கிய பொருளும் போய்விடும். பிள்ளைகள் அழுவதைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கும்.

கேமின் செட்டிங்ஸில் 'அக்கவுண்ட்' பகுதிக்குப் போய் கூகுள், ஆப்பிள், ஃபேஸ்புக் என எது இருக்கிறதோ அதோடு இன்றே இணைத்துவிடுங்கள். அப்புறம் பிளேயர் ஐடியை, அதாவது கேமில் உங்களுக்கென்று உள்ள அடையாளக் குறியீட்டை, ஸ்கிரீன்ஷாட் எடுத்து உங்கள் மெயிலுக்கே அனுப்பி வையுங்கள். கேம் நிறுவனத்துக்கு உதவி கேட்டு எழுதினால் பெரும்பாலும் முதலில் கேட்பது அதைத்தான்.

ஆண்ட்ராய்டில் இடம் போதவில்லையா? 'கிளியர் கேஷ்' கொடுத்தால் தற்காலிகக் கோப்புகள் மட்டும் போகும், பயப்பட வேண்டாம். பக்கத்திலேயே இருக்கும் 'கிளியர் டேட்டா' அல்லது 'கிளியர் ஸ்டோரேஜ்' போனில் சேமித்த எல்லாவற்றையும் துடைத்துவிடும். அதில் கை வைக்காதீர்கள்.

சில ஆஃப்லைன் கேம்களில் கணக்கு இணைக்கும் வசதியே கிடையாது. அவற்றை நீக்குவதற்கு முன் வாட்ஸ்அப்பில் குவிந்த வீடியோக்களை அழித்துப் பாருங்கள், தேவையான இடம் கிடைத்துவிடலாம்.