சமோசிர் நெசவு கிராமத்துக்குப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

பினாங்கின் பாயான் லெப்பாஸில் விமானம் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் இந்தோனேசியாவின் மேடானில் இறங்கிவிடலாம். அங்கே கடிகாரம் நமக்கு ஒரு மணி நேரம் பின்னால் ஓடுகிறது. அதனால் ஏறிய நேரத்திலேயே இறங்கினாற்போல் இருக்கும். பினாங்கு ஆட்கள் ஏமாறுவது இங்கேதான். “பக்கத்துலதானே, சனிக்கிழமை போயிட்டு ஞாயித்துக்கிழமை வந்துடலாம்” என்று கிளம்பிவிடுகிறார்கள்.

தோபா ஏரி சுமத்ராவின் மேட்டுநிலத்தில், ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதன் நடுவே இருக்கும் தீவுதான் சமோசிர். மேடானிலிருந்து ஏரிக்கரையில் உள்ள பராபாட்டுக்கு நாலு மணி நேரம் போலக் காடிப் பயணம், அப்புறம் படகு, அப்புறம் தீவின் மறுபக்கம் பங்குருரான் வரை மீண்டும் சாலை. பத்தாக் மக்களின் சடங்குத் துணியான உலோஸ் நெய்யும் ஹுத்தராஜா கிராமம் அங்கே, லும்பான் சுஹி-சுஹியில் இருக்கிறது. இவ்வளவும் தாண்டி ஞாயிற்றுக்கிழமை காலையில் போய் நின்றால் திண்ணையெல்லாம் வெறிச்சோடிக் கிடக்கும். இங்கே வாழும் பத்தாக் மக்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். அந்த நேரத்தில் தேவாலயத்தில் இருப்பார்கள். வார நாளில் போங்கள், இரண்டு இரவாவது தங்குங்கள்.

படகு நிரம்பி வழிந்தால் ஏறவே ஏறாதீர்கள். 2018 ஜூன் மாதம் இதே ஏரியில் ஏற்றக்கூடிய அளவைவிடப் பல மடங்கு பேரை ஏற்றிய படகு ஒன்று மூழ்கி, 160-க்கும் மேற்பட்டவர்கள் காணாமல் போனார்கள். அடுத்த படகுக்குக் காத்திருப்பதில் ஒன்றும் குறைந்துவிடாது.

“மலாய் தெரியும், அது போதும்” என்பது இன்னொரு தவறு. அதைச் செய்தது நான். சின்னப் பிள்ளைகளை மலாயில் ‘பூடாக்’ என்கிறோம். இந்தோனேசியாவில் அந்தச் சொல்லுக்கு அடிமை என்று பொருள். நெய்துகொண்டிருந்த அம்மாவின் பேரனைக் காட்டி நான் அப்படிச் சொன்னதும் அவர் கை அப்படியே நின்றுவிட்டது. இன்றைக்கும் நினைத்தால் மனம் கூசுகிறது. ‘அனாக்’ என்று சொல்லுங்கள். நமக்கு இலவசமான ‘பெர்ச்சுமா’ அவர்களுக்கு வீண். காடிக்காரரிடம் திருப்பச் சொல்லி ‘பூசிங்’ என்றால் உங்களுக்குத் தலைசுற்றுகிறது என்றுதான் நினைப்பார். ‘பெலோக்’ என்றால் திருப்புவார். யாரைப் பார்த்தாலும் முதலில் பத்தாக் மொழி வணக்கமான ‘ஹோராஸ்’ சொல்லிவிடுங்கள்.

சாப்பாட்டுக் கடைப் பலகையில் ‘பி1’ என்று இருந்தால் நாய்க்கறி, ‘பி2’ என்றால் பன்றிக்கறி. சைவக்காரர்கள் பசியாறக் கையில் ஏதாவது கொண்டுபோவது நல்லது.

தறிக்கு வருவோம். நெசவுக்காரப் பெண் தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருப்பார். பாவு நூலின் ஒரு முனை எதிரே கட்டியிருக்கும், மறுமுனை அவர் இடுப்புக்குப் பின்னால் போட்ட பட்டையோடு பிணைந்திருக்கும். அவர் பின்னால் சாய்ந்தால் நூல் இறுகும், முன்னால் வந்தால் தளரும். தறியின் பாதி அவர் உடம்புதான். “அம்மா, கொஞ்சம் எழுந்து வாங்க, படம் எடுத்துக்கலாம்” என்றால், எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் அவர் எழ முடியும். நீங்கள் பக்கத்தில் போய் உட்காருங்கள். ஒரு துணி முடிய வாரக்கணக்கில் ஆகிறது. அந்தப் பாயில் உட்கார்ந்துகொண்டு பாதி விலைக்குக் கேட்பது நியாயமில்லை. தீவிலேயே உள்ள தோமோக் சந்தையில் பேரம் பேசலாம், அங்கே விசைத்தறித் துணியும் கலந்துதான் விற்கிறார்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, உலோஸை வெறும் சால்வை என்று நினைப்பது. இதை நாம் செய்யவே கூடாது, ஏனென்றால் நமக்கு இது புரியும். பத்தாக் மக்களிடம் தாய்மாமனுக்கு ‘துலாங்’ என்று பெயர். மாமன் மகள் முறைப்பெண். கல்யாணத்தில் பெண் கொடுத்த வீட்டார் பெண் எடுத்த வீட்டாருக்கு உலோஸ் போர்த்துகிறார்கள். துணி அந்தத் திசையில்தான் போகும், எதிர்த்திசையில் போகாது. பிறப்புக்கு ஒன்று, கல்யாணத்துக்கு ஒன்று. இறந்தவர்மேல் போர்த்துவதற்கும், துணையை இழந்தவர் தலையில் இடுவதற்கும் தனித்தனி. தாய்மாமன் சீர் தெரிந்த நமக்கு இதற்குமேல் என்ன விளக்கம் வேண்டும்? நிறம் பிடித்திருக்கிறது என்று துக்கத்துக்கு உரியதை எடுத்துப் புதுப்பெண்ணுக்குக் கொடுத்துவிடாதீர்கள். பெயரைக் கேளுங்கள், எதற்கு உரியது என்று கேளுங்கள். ரவிக்கை தைக்க வேண்டுமென்றால் சடங்கு உலோஸில் கத்தரி வைக்காதீர்கள். வெட்டித் தைப்பதற்கென்று உள்ள துணியைக் கேட்டு வாங்குங்கள்.

என்னோடு வந்த மாமா, அக்காள் மகளின் கல்யாணத்துக்கு ‘ராகி ஹோத்தாங்’ கேட்டார். ஹோத்தாங் என்றால் பிரம்பு. தம்பதி பிரம்பால் கட்டியதுபோல் பிரியாமல் இருக்கப் போர்த்துவது. விலை சொல்வதற்கு முன்னால் அந்த அம்மா கேட்டார், “பெண்ணுக்கு நீங்கள் என்ன உறவு?”

“துலாங்” என்றார் மாமா.

அதன் பிறகுதான் இடுப்புப் பட்டையைக் கழற்றிவிட்டு எழுந்து, உள்ளே போய் எடுத்து வந்தார்.