கோபத்தில் போர்ட் பண்ணாதீர்கள்: ஒரு ரீசார்ஜ் கடைக்காரரின் புலம்பல்

போன வாரம் திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு தம்பி கடைக்கு வந்தான். வந்ததும் வராததுமாக, "அண்ணா, இந்த நம்பர வேற கம்பெனிக்கு மாத்தி உட்ருங்க. அப்படியே வருசத்துக்கு ஒரு பேக்கும் போட்ருங்க. மாசமானா இதே ரோதனையா இருக்குது" என்றான். எண் அப்படியே இருக்க, கம்பெனியை மட்டும் மாற்றுவதைத்தான் போர்ட் என்கிறோம். கையில் பணத்தை எண்ணித் தயாராக வைத்திருந்தான். நான் அவனை உட்காரச் சொன்னேன். சில வருசங்களுக்கு முன்னால் நான் பண்ணிய கூத்தை வரி மாறாமல் பண்ணப் போகிறான்.

காங்கயத்தில் சிம், ரீசார்ஜ், சார்ஜர் விற்கும் சின்னக் கடை என்னுடையது. அங்கே தினமும் நான் பார்க்கும் தப்புகளைத்தான் இங்கே சொல்கிறேன். தப்பான எண்ணுக்கு ரீசார்ஜ் போடுவது, ஓ.டி.பி.யை யாருக்கோ சொல்லிவிடுவது எல்லாம் ஊரே சொல்லி அலுத்துவிட்டது. அதை விட்டுவிடுகிறேன்.

கோபத்தில் போர்ட், கையோடு வருசப் பேக்

2019 டிசம்பர், 2021 கடைசி, 2024 ஜூலை. விலை ஏறிய மூன்று முறையும் கடை வாசலில் ஒரே பேச்சுதான். 2024 ஏற்றத்தில் ஜியோவின் 28 நாள், தினம் ஒன்றரை ஜி.பி. பேக் 239 ரூபாயிலிருந்து 299 ஆனது. ஏர்டெல், வோடபோன் ஐடியாவும் அதே வாரத்தில் ஏற்றின. நாலு பேர் உள்ள வீட்டில் நாலு போன். கோபம் வராமல் என்ன செய்யும்?

2021 டிசம்பரில் எனக்கும் வந்தது. அப்போது இன்னொரு கம்பெனியின் ஆள் ஒருவர் கடைக்கு வந்து, "உங்க பக்கத்து டவர் அடுத்த மாசம் அப்கிரேடு ஆயிருமுங்ணா" என்றார். கம்பெனி பெயர் வேண்டாம். கடையில் அவர் போனைப் பார்த்தேன், சிக்னல் கோடு நிறைய இருந்தது. என் எண்ணையும் அப்பா எண்ணையும் போர்ட் பண்ணி, என்னுடையதற்கு மூவாயிரம் ரூபாய்க்குப் பக்கத்தில் ஒரு வருசப் பேக்கும் போட்டுக்கொண்டேன். கடைக்காரன் என்பதால் கமிஷன் எனக்கே வந்தது. அந்தப் பெருமை வேறு.

வீடு இருப்பது கடையிலிருந்து ஒன்பது கிலோமீட்டர் தள்ளி, வெள்ளகோவில் போகிற பக்கம், உள்ளே ஒரு தோட்டத்தில். அன்று ராத்திரி படுக்கை அறையில் டவர் இல்லை. திண்ணையில் இல்லை. கட்டுத்தரைக்குப் பக்கத்தில் தண்ணித்தொட்டி மேல் ஏறி நின்றால் ஒரு கோடு வந்து வந்து போனது. அப்பா கீழே நின்று பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, போன் பேசறதுக்கு இனி ஏணி வெக்கோணுமா?" என்று கேட்டார். இன்று வரைக்கும் விசேஷ வீடுகளில் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்.

சரி, திரும்பிப் போய்விடலாம் என்றால் முடியாது. ஒருமுறை போர்ட் ஆனால் புது கம்பெனியில் 90 நாள் இருந்தே ஆக வேண்டும். அதற்கப்புறம் வெளியே வந்தாலும் மிச்சமிருக்கும் பேக்கும் இருப்பும் கூட வராது, அங்கேயே முடிந்துவிடும். எனக்கு ஒன்பது மாதத்துப் பணம் போனது, கிட்டத்தட்ட 2,200 ரூபாய். அதைவிட உறுத்துவது வேறு. அம்மாயி (அம்மாவின் அம்மா) கீழே விழுந்த அன்று ராத்திரி சித்தி பதினோரு தடவை கூப்பிட்டிருக்கிறார். காலையில் கடைக்கு வந்து சேர்ந்ததும் பதினொன்றும் மிஸ்டு கால் மெசேஜாக ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. அப்கிரேடா? அந்த 90 நாளில் வரவில்லை.

இப்போது யார் வந்தாலும் நான் சொல்வது இதுதான். அந்தக் கம்பெனியின் புது சிம் ஒன்று வாங்கி இரண்டாவது ஸ்லாட்டில் போடுங்கள். 28 நாள் பேக், அதுவும் இருப்பதிலேயே சின்னது போதும். கட்டில் தலைமாட்டில், சமையல்கட்டில், கிணத்துமேட்டில், வேலை பார்க்கும் இடத்தில் என்று ஒவ்வொரு இடத்திலும் பேசிப் பாருங்கள். ராத்திரி எட்டிலிருந்து பத்துக்குள் ஒரு வீடியோ ஓட்டுங்கள். கரண்ட் போன நேரத்திலும் பாருங்கள், பேட்டரி செத்த டவர் அப்போதுதான் தெரியும். செலவே வேண்டாம் என்றால் மாரியம்மன் நோம்பிக்குச் சொந்தக்காரர்கள் வரும்வரை பொறுங்கள். யார் போன் வீட்டுக்குள் வேலை செய்கிறது, யார் வாசலுக்கு ஓடுகிறார்கள் என்று பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

அதற்கப்புறம் 1900-க்கு மெசேஜ் அனுப்பி போர்ட் கோட் வாங்குங்கள். கோட் நம் ஊரில் நாலு நாள் செல்லும். போர்ட் ஆன பிறகும் முதல் பேக் 28 நாளுக்கு மேல் வேண்டாம். போர்ட் பண்ணிக் கொடுத்தால் எனக்குக் கமிஷன் உண்டு. அப்படி இருந்தும் பொறுங்கள் என்கிறேன்.

சிக்னல் கோட்டை எண்ணி நம்புவது

"டவர் ஃபுல்லா இருக்குது, நெட் மட்டும் வரமாட்டேங்குது" என்று தினம் ஒருவராவது வருவார். அந்தக் கோடு, டவரின் சிக்னல் உங்கள் போனுக்கு எவ்வளவு பலமாக வருகிறது என்பதை மட்டும்தான் காட்டும். டவருக்குப் பின்னால் எவ்வளவு நெட் வருகிறது என்பது அதில் தெரியாது. எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு பாசன) வாய்க்காலை வைத்துச் சொன்னால் உடனே புரியும். மதகு அகலமாகத்தான் இருக்கிறது. ஆனால் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர வேண்டாமா? டவருக்கு ஃபைபர் கேபிள் வராமல், மேலே மாட்டியிருக்கும் வட்டத் தட்டு வழியாகவே எல்லாம் போய் வந்தால், சாயங்காலம் ஊரே வீடியோ பார்க்கிற நேரத்தில் கோடு நிறைய இருந்தும் வட்டம்தான் சுற்றும். அப்கிரேடு என்று மேலே புதுப் பெட்டி மாட்டிவிட்டுப் பின்னால் வரும் லைனை அப்படியே விட்டாலும் இதே கதைதான்.

அப்புறம் 5ஜி. 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற அலை தூரம் போகும், சுவரையும் ஓரளவு தாண்டும். 5ஜிக்குப் பெரும்பாலும் பயன்படும் 3500 பக்கத்து அலை தென்னந்தோப்புக்குள் நுழையும்போதே தளர்ந்துவிடும். தோட்டத்து வீட்டில் போன் 5ஜிக்கும் 4ஜிக்கும் தாவித் தாவியே பேட்டரியைத் தின்கிறது என்றால் செட்டிங்கில் 4ஜியில் நிறுத்தி வையுங்கள். வீட்டில் கேபிள்காரரின் ஃபைபர் லைன் இருந்தால் வைஃபை காலிங்கை, அதாவது டவருக்குப் பதில் வைஃபை வழியே பேசும் வசதியை, ஆன் செய்யுங்கள். எங்கள் வீட்டில் ஏணி ஓய்ந்தது அப்படித்தான்.

28 நாளை மாசம் என்று நினைப்பது

வருசத்துக்கு 13 முறை கட்டுகிறீர்கள். 30 நாள் பேக்கும், மாதாமாதம் அதே தேதிக்கு வரும் பேக்கும் ஒவ்வொரு கம்பெனியும் ஒன்றாவது வைத்திருக்க வேண்டும் என்று 2022-லேயே தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் உத்தரவு போட்டுவிட்டது. கேட்டால்தான் சொல்வார்கள்.

ஸ்டார்ட்டருக்கும் அம்மாயிக்கும் டேட்டா பேக் போடுவது

கிணத்து மோட்டாரைப் போனிலேயே போட்டு நிறுத்தும் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் ஒரு சிம் இருக்கிறது. அது வீடியோ பார்ப்பதில்லை. அம்மாயியும் பார்ப்பதில்லை. பேச்சும் எஸ்.எம்.எஸ்.ஸும் மட்டும் உள்ள பேக் எல்லாக் கம்பெனியும் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் ட்ராய் சொன்ன பிறகு அப்படிப்பட்ட பேக்குகள் வந்துவிட்டன. ஆப்பில் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

இன்னொன்று: பழைய ஸ்டார்ட்டர் பல 2ஜியில் மட்டும் ஓடும். ஜியோவில் 2ஜி கிடையாது. வீட்டில் எல்லா எண்ணையும் மாற்றுகிற வேகத்தில் ஸ்டார்ட்டர் சிம்மையும் மாற்றிவிட்டு, ராத்திரி மூன்று மணிக்கு டார்ச் எடுத்துக்கொண்டு மோட்டார் போடப் போன ஒருவர் மறுநாள் என்னிடம் வந்து கத்தினார். பெட்டி வாங்கும்போதே எந்த சிம் என்று கேட்டு அதன் மூடியிலேயே எழுதி வையுங்கள்.

புகார் எண் வாங்காமல் சண்டை போடுவது

கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் பையனைத் திட்டுவது புகார் இல்லை. 198-க்குப் பேசி, புகார் எண்ணைக் கேட்டு வாங்கி, தேதியோடு எழுதி வையுங்கள். பதில் சரியில்லை என்றால் அந்தக் கம்பெனிக்குள்ளேயே மேல்முறையீட்டுப் பிரிவு இருக்கிறது, செலவில்லாமல் போகலாம். அங்கே முதலில் கேட்பது அந்தப் புகார் எண்ணைத்தான். ட்ராய் தனி ஆள் புகாரை எடுத்து விசாரிப்பதில்லை.

1.5 ஜி.பி. பேக் போட்டுவிட்டு அன்லிமிடெட் 5ஜி எங்கே என்று கேட்பது

பேக்கின் விவரத்தைப் படியுங்கள்.

முக்கியமான வேலைக்கு முந்தின நாள் சிம்மை மாற்றுவது

அதே எண்ணுக்குப் புது சிம் மாற்றினால் 24 மணி நேரம் எஸ்.எம்.எஸ். வராது. பேங்க் ஓ.டி.பி.யும் வராது.

அந்தத் தம்பி அன்று போர்ட் பண்ணவில்லை. முறைத்துக்கொண்டே புது சிம் வாங்கிப் போனான். நேற்று வந்திருந்தான்.

"எல்லா எடத்துலயும் வருதுங்ணா. சமையல்கட்டுல மட்டும் வரல."

"உங்கம்மா எங்க நின்னு பேசுவாங்க?"

"சமையல்கட்டுலதானுங்க."

பேக் முடிய இன்னும் 22 நாள் இருக்கிறது. ஜன்னலோரம் வைத்துப் பேசச் சொல்லிப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான்.