கையில் பணமில்லாமல் ஒரு கஞ்சா வழக்கு

டெக்சாஸில் படித்துக்கொண்டிருந்தபோது, காரில் இருந்த சிறிய கஞ்சாப் பொட்டலத்துக்காகக் கைதானேன். 2 அவுன்ஸ் வரை அங்கே சிறுகுற்றம்தான். ஆனாலும் 180 நாள் சிறை, 2,000 டாலர் அபராதம் வரை போகலாம். தனியார் வழக்கறிஞர் கேட்ட கட்டணம் என் நான்கு மாத வாடகை. ஊரில் அப்பாவிடம் கேட்க நா எழவில்லை.

முதல் நாளே, "ஒப்புக்கொண்டால் இன்றே முடியும்" என்றது அரசுத் தரப்பு. நான் கையெழுத்திடவில்லை. வசதியில்லை என்று நீதிபதியிடம் சொல்லி, வருமானம், வாடகை, வங்கி இருப்பு எல்லாவற்றையும் எழுதி உறுதிமொழிப் பத்திரம் கொடுத்தேன். வழக்கறிஞர் உதவி மறுக்கப்பட்ட ஏழையைச் சிறுகுற்றத்துக்குக்கூடச் சிறைக்கு அனுப்பக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1972-லேயே தீர்ப்பளித்திருக்கிறது. எனக்கும் நீதிமன்றமே ஒருவரை நியமித்தது.

அவரிடம் முதலில் சொன்னது என் மாணவர் விசாவைப் பற்றித்தான். தயவுசெய்து இதை மறைக்காதீர்கள்! குற்றத்தை ஒப்புக்கொண்டு தீர்ப்பைத் தள்ளிவைக்கும் ஏற்பாடு டெக்சாஸ் சட்டத்தில் தண்டனை ஆகாது. குடிவரவுச் சட்டத்திலோ அது தண்டனையேதான். விஷயம் தெரியாமல் நானும் அதைத்தான் கேட்கவிருந்தேன். அவர் தடுத்து, ஒப்புதல் வாக்குமூலம் கேட்காத, விசாரணைக்கு முந்தைய திருத்தத் திட்டத்தை வாதாடிப் பெற்றார்.

ஆறு மாதம் வகுப்புகள், சிறுநீர்ப் பரிசோதனை, சமூக சேவை. ஒன்றையும் தவறவிடவில்லை. வழக்கு தள்ளுபடியானது. கைதுப் பதிவை அழிக்கவும் மனுப் போட்டுவிட்டேன்.